துபாய் வேலை கிடைத்தால் ஊர் பாலிசியை நிறுத்தலாமா?

கேள்வி: பொன்முடியில் ஒரு ரிசார்ட்டில் சமையல் வேலை பார்க்கிறேன். வயது 41, படிப்பு ஒன்பதாம் வகுப்பு. துபாயில் ஒரு உணவகத்தில் 2,500 திர்ஹாம் சம்பளத்துக்கு வேலை வந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனியே தரும் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான் என்று ஐந்து பேருக்கும் சேர்த்து 5 லட்ச ரூபாய் பாலிசி மூன்று வருடமாக ஓடுகிறது. சர்க்கரையைச் சொல்லித்தான் எடுத்தேன். அங்கே கம்பெனி பார்த்துக்கொள்ளும்போது இங்கே எதற்கு வீண் செலவு என்று மச்சான் கேட்கிறார். சர்க்கரையைப் பற்றி அங்கே வாயே திறக்காதே என்கிறார் ஏஜென்ட். என்ன செய்யட்டும்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், பொன்முடி

பதில்: பாலிசியை நிறுத்தாதீர்கள். மச்சான் கணக்கில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கம்பெனி தரும் இன்ஷூரன்ஸ் உங்கள் ஒருவருக்கு, அதுவும் வேலை இருக்கும் வரைக்கும்தான். பொன்முடியில் இருக்கும் நான்கு பேருக்கு அதில் ஒன்றும் கிடையாது.

முதலில் துபாய் பக்கத்தைப் பார்ப்போம். 2013-ம் ஆண்டின் 11-வது சட்டப்படி, தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துக்கொடுப்பது முதலாளியின் கடமை. அந்தப் பிரீமியத்தை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பிடிப்பதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள். மாதம் 4,000 திர்ஹாமுக்குக் குறைந்த சம்பளக்காரர்களுக்கு வழக்கமாகத் தரப்படுவது அடிப்படைத் திட்டம். ஆண்டுக்கு 1,50,000 திர்ஹாம் வரை செலவு ஏற்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நினைத்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட முடியாது. பட்டியலில் உள்ள கிளினிக்கில் பொது மருத்துவரைப் பார்த்து, அவர் எழுதிக்கொடுத்தால்தான் பெரிய டாக்டர். மருந்து விலையில் 30 சதவீதம் உங்கள் கையிலிருந்து போகும். படுத்துச் சிகிச்சை எடுத்தால் 20 சதவீதம், ஆனால் ஒரு தடவைக்கு 500 திர்ஹாமுக்கு மேல் கேட்க மாட்டார்கள். ஆண்டு முழுக்கச் சேர்த்தாலும் 1,000தான்.

இனி சர்க்கரை. ஏஜென்ட் சொன்னதைக் கேட்காதீர்கள். துபாய் விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் முக்கியமாகத் தேடுவது எச்ஐவியையும் காசநோயையும்தான். சர்க்கரைக்காக யாரையும் திருப்பி அனுப்புவதில்லை. இன்ஷூரன்ஸ் படிவத்தில் மறைத்தால்தான் ஆபத்து. அங்கே முதன்முதலாகக் காப்பீட்டில் சேர்கிறவருக்கு, ஏற்கெனவே உள்ள நோய்க்கு ஆறு மாதக் காத்திருப்பு உண்டு. உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் அதற்குள்ளும் பார்ப்பார்கள். ஆறு மாதம் பொறுத்தால் தீர்கிற விஷயத்துக்குப் பொய் சொல்லி, பிறகு பெரிய பில் வரும்போது மறுக்கப்படுவது யாருக்கு லாபம்? ஏஜென்டுக்கு நீங்கள் விமானம் ஏறினால் போதும். போகும்போது சில மாத மாத்திரையும், டாக்டர் கையெழுத்திட்ட சீட்டும் கையில் இருக்கட்டும்.

நீங்கள் பத்தாவது தேறாததால் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதி தேவை என்ற பிரிவில் வருவீர்கள். அப்படியானால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம். ஆஸ்பத்திரிச் செலவுக்கு 1 லட்சம் வரைதான் என்பதால் இதை மருத்துவக் காப்பீடாக எண்ணிவிட வேண்டாம். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இந்தப் பத்து லட்சமும் இல்லை, வேலை விசா அடிக்கும் வரை முதலாளி இன்ஷூரன்ஸும் இல்லை. அந்த இடைவெளியில் விழுந்தவர்களின் கதைகள் மலையாளப் பத்திரிகைகளில் ஓயாமல் வருகின்றன.

இப்போது ஊர் பாலிசி. இன்றைய விதிப்படி, ஏற்கெனவே உள்ள நோய்க்கு இந்தியக் கம்பெனிகள் அதிகபட்சம் மூன்று வருடம்தான் காத்திருக்கச் சொல்லலாம். அந்த மூன்று வருடத்தைத்தான் நீங்கள் முடித்து நிற்கிறீர்கள். இன்னும் இரண்டு வருடம் விடாமல் கட்டி ஐந்து முடிந்தால், நிரூபிக்கப்பட்ட மோசடி தவிர, எதையோ மறைத்தீர்கள் என்று காரணம் காட்டி கிளெய்மை மறுக்க முடியாது. இந்த நேரத்தில் நிறுத்திவிட்டு 46 வயதில் திரும்பி வந்து புதிதாக எடுத்தால், கூடுதல் பிரீமியத்தோடு முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சர்க்கரையைப் பார்த்துத் தரவே மாட்டோம் என்றும் சொல்லலாம். வேலை போய் விசா ரத்தானால் துபாய் கார்டு செல்லாது என்பதையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். லீவில் வரும்போது உடம்புக்கு வந்தாலும் அந்தக் கார்டு இங்கே பெரும்பாலும் உதவாது. சில திட்டங்கள் இந்தியாவிலும் ஏற்கும். உங்கள் பயன் அட்டவணையில் எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள்.

கேரள அரசின் நோர்க்கா கேர் காப்பீட்டுத் திட்டம் பற்றி உங்கள் பக்கத்தில் எல்லோரும் பேசுவார்கள். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கணவன், மனைவி, 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கு ஆண்டு பிரீமியம் 13,411 ரூபாய். 5 லட்சத்துக்குச் சிகிச்சை, 10 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு. நல்ல திட்டம், எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நோர்க்கா அடையாள அட்டை வேண்டும், அதற்கு ஆறு மாதம் வெளிநாட்டில் இருந்திருக்க வேண்டும். ஆகவே இப்போது உங்களால் சேர முடியாது. அம்மாவுக்கு அதில் இடமும் இல்லை. ஆறு மாதம் கழித்து, சேர்க்கை திறந்திருந்தால், கையில் மிச்சமும் இருந்தால், கூடுதலாக எடுங்கள். விவரங்களைத் திருவனந்தபுரம் தைக்காட்டில் உள்ள நோர்க்கா அலுவலகத்தில் நேரிலேயே கேட்கலாம்.

கிளம்புமுன் இரண்டு வேலை. உங்கள் பாலிசியில் பணம் கட்டாமல் சேரக்கூடிய மருத்துவமனை நெடுமங்காட்டிலோ திருவனந்தபுரத்திலோ எது என்று மனைவி ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து வரட்டும். ராத்திரி அம்மாவை 22 கொண்டை ஊசி வளைவு இறக்கி, விதுரா தாண்டிய பிறகு போனில் தேடிக்கொண்டிருக்க முடியாது. அடுத்தது, பாலிசியில் உள்ள போன் நம்பரை மனைவியின் நம்பராக மாற்றுங்கள். இந்திய சிம் அங்கே செத்துப்போய், புதுப்பிக்கச் சொல்லும் குறுஞ்செய்தி வராமலேயே பாலிசி காலாவதியானவர்கள் ஏராளம்.