இன்டெக்ஸ் போட்டால் மட்டும் போதுமா?

டேட்டாபேஸ் மெதுவாக ஓடினால் "ஒரு இன்டெக்ஸ் போட்டுடு" என்கிறோம். ஆனால் எந்த ஃபீல்டு முன்னால், எது பின்னால் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பழைய டெலிபோன் டைரக்டரியில் முதலில் பெயர், பிறகு இனிஷியல். 'முருகன், கே.' என்றால் சட்டென்று கிடைக்கும். இனிஷியல் 'கே' உள்ள எல்லோரும் வேண்டுமென்றால்? முழுப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதுதான்!

'துறை, மதிப்பெண்' என்ற இரண்டு ஃபீல்டு பி-ட்ரீ இன்டெக்ஸும் இப்படித்தான். மெக்கானிக்கல் துறையில் 60 முதல் 75 வரை எடுத்தவர்கள் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இருப்பார்கள். துறையைச் சொல்லாமல் மதிப்பெண்ணை மட்டும் கேட்டால் பெரும்பாலும் பலன் இல்லை.

சரி, மேப்பில் ஒரு கட்டத்துக்குள் உள்ள ஊர்களைத் தேடினால்? அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டிலுமே 'இதிலிருந்து இதுவரை' என்று வருகிறது. எதை முன்னால் வைத்தாலும் மற்றது சிதறிப் போகும். இதற்குத்தான் 1984-ல் ஆன்டனின் கட்மேன் ஆர்-ட்ரீ முறையைத் தந்தார். அருகருகே இருப்பவற்றை ஒரு செவ்வகத்துக்குள் அடக்கி, அந்தச் செவ்வகங்களை இன்னும் பெரிய செவ்வகத்துக்குள் அடக்குவார்கள். நம் கட்டத்தைத் தொடாத செவ்வகத்தைத் திறந்தே பார்க்க வேண்டாம்!

ஆகவே, முதலில் கேள்வியைப் படியுங்கள். 'சமம்' வரும் ஃபீல்டு முன்னால். 'முதல்-வரை' வரும் ஃபீல்டு பின்னால். தேவையில்லாத இன்டெக்ஸ் வேண்டாம். ஒவ்வொரு புது ரெக்கார்டுக்கும் அதையும் திருத்தியாக வேண்டுமே!