கருத்தை விளக்கும் வண்ணப்படம்

எழுதப்பட்ட உண்மை எத்துணைச் சிறந்ததாயினும், படிப்போர் கண்ணிலும் கருத்திலும் பதிந்தாலன்றிப் பயன் தாராது. இதனை நன்குணர்ந்தவர் பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார்.

கிரிமியப் போரிற் புண்பட்ட ஆங்கிலப் படைவீரர்க்குத் தொண்டு செய்ய, 1854ஆம் ஆண்டு அவர் துருக்கி நாட்டு ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார். அப்போரில் குண்டுபட்டு இறந்தவரினும் நோய்வாய்ப்பட்டு இறந்தவரே மிகப் பலர். அந்நோய்களுட் பல, தூய்மை பேணின் தடுக்கத்தக்கவை.

நாடு திரும்பிய அம்மையார் இதனை ஆட்சியாளர்க்கு உணர்த்த விழைந்தார். எண்கள் நிறைந்த பட்டியலை அவர்கள் ஊன்றிப் படிப்பது அரிது எனக் கருதி, 1858ஆம் ஆண்டில் வண்ணப்படம் ஒன்றை வெளியிட்டார். வட்டமாய் அமைந்த 12 கூறுகள் 12 மாதங்களைக் குறித்தன. தடுக்கத்தக்க நோயால் நேர்ந்த சாவுக்கு நீலமும், புண்ணால் நேர்ந்ததற்குச் சிவப்பும், ஏனையவற்றிற்குக் கருமையும் தீட்டப்பெற்றன. சாவு மிக்க மாதத்திற்குரிய கூறு பரப்பாற் பெரிதாயிற்று. படத்தில் நீலமே பரந்து நின்றது. காண்போர்க்கு ஒரு நோக்கிலேயே உண்மை புலனாயிற்று. படைவீரர் உறைவிடங்களும் மருத்துவமனைகளும் பின்னர்ச் சீர்பெற அவர் முயற்சி பெரிதும் உதவிற்று.

இன்று கணிப்பொறியில் எழுதுவோர் எழுத்துரு, வண்ணம், படம் ஆகியவற்றை நொடியில் அமைக்கலாம். கருவி எளிதாயினும் நெறி மாறவில்லை. அம்மையார் தீட்டிய நிறம் ஒவ்வொன்றும் ஒரு பொருளை உணர்த்திற்று. பொருளை விளக்காத வண்ணம் வெறும் பூச்சேயாகும்.