ராபேலின் இரு சுவர்கள்

மறுமலர்ச்சிக் காலச் சமய ஓவியங்களை வெறும் பக்திப் படங்கள் என்று எண்ணுவோர் நம்மில் பலர். அவற்றுட் சில, வண்ணத்தால் எழுதப்பட்ட வாதங்கள் என்பது என் கருத்து. அதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்க முயல்கிறேன்.

வத்திக்கன் அரண்மனையில், போப்பாண்டவர் இரண்டாம் ஜூலியஸின் நூலகமாக இருந்ததெனக் கருதப்படும் அறை ஒன்று உண்டு. 1508 முதல் 1511 வரை அதன் சுவர்களில் ராபேல் ஓவியம் தீட்டினார். தொடங்கியபோது அவருக்கு வயது 25. இறையியல், தத்துவம், கவிதை, நீதி என நான்கு சுவர்களுக்கு நான்கு பொருள்கள். இறையியலும் தத்துவமும் எதிரெதிரே அமைந்துள்ளன.

இறையியற் சுவரை முதலில் நோக்குவோம். உச்சியில் பிதா, அவருக்குக் கீழே கிறிஸ்து, அதற்கும் கீழே புறா வடிவில் பரிசுத்த ஆவி. நேர் கீழே, பீடத்தின்மேல், கதிர்ப்பாத்திரத்தில் நற்கருணை அப்பம். இரு மருங்கும் அகுஸ்தீனார் முதலிய திருச்சபைச் சான்றோர். அவர்களிடையே கவிஞர் தாந்தேயும் உளர். தரையின் கோடுகள் யாவும் அந்தச் சிற்றப்பத்தை நோக்கியே ஓடுகின்றன. விண்ணும் மண்ணும் கூடுமிடம் இதுவே என்னும் கொள்கையை ஓவியர் வடிவக் கணிதத்தாலேயே சொல்லிவிடுகிறார்.

எதிர்ச்சுவரில் பண்டைக் கிரேக்க அறிஞர்கள். பின்வந்தோர் இதனை 'ஏதென்ஸ் பள்ளி' என்றனர். நடுவே, டிமேயஸ் என்னும் நூலை ஏந்திய பிளேட்டோ விண்ணைச் சுட்டுகிறார். அறவியல் நூலை ஏந்திய அரிஸ்டாட்டில் உள்ளங்கை தரையை நோக்கக் கையை முன்னே நீட்டுகிறார். இங்கும் கோடுகள் கூடுகின்றன. ஆனால் எப்பொருளின் மேலும் அல்ல. உரையாடும் அவ்விருவருக்கும் இடையே.

"ஒத்த பாதிகளாய் அமைந்த எந்தப் படத்திலும் கோடுகள் நடுவில்தானே கூடும்?" என்று நண்பர்கள் வினவலாம். உண்மையே. ஆயினும் அந்த நடுவில் எதனை வைப்பது என்பது ஓவியரின் தேர்வு. ஒரு சுவரின் நடுவில் விடையை வைத்தார்; மறு சுவரின் நடுவில் வினாவை வைத்தார்.

இவற்றுள் எது உயர்ந்தது? இறையியலே என்று அக்காலத் திருச்சபை தயங்காது கூறியிருக்கும். எனினும் கிறிஸ்துவுக்கு முற்பட்டவர்களுக்கும் அதே அறையில் ஒரு முழுச் சுவர் கிடைத்தது. தலைப்பாகை அணிந்த ஒருவரை அரபு அறிஞர் இப்னு ருஷ்து என்றே பலரும் கொள்வர். நம்பிக்கையில் உறுதியுடையவர் பிறர் சிந்தனைக்கு அஞ்சவேண்டுவதில்லை என்று நான் அறிவது இங்கேதான்.

மாணவ நண்பர்களே, இனிச் சமய ஓவியம் ஒன்றைக் காணும்போது முகங்களை மட்டும் பாராதீர்கள். கோடுகள் எங்கே கூடுகின்றன, அங்கே என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.