பாலைவழி மோட்டார் பிரயாணம்: ஜலமும் எண்ணெயும் ஏற்றும் கணக்கு

வழியில் கடையும் குடியும் இல்லாத நாட்டில் பல நாள் மோட்டாரில் செல்ல நேர்ந்தால், குடிக்கும் ஜலத்தையும் வண்டி ஓடுதற்குரிய எண்ணெயையும் புறப்படும் ஸ்தலத்திலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு ஏற்றுவது, எதில் ஏற்றுவது, வண்டியின் எப்பாகத்தில் வைப்பது என்னும் மூன்று விஷயங்கள் இப்பாடத்தில் ஆராயப்படுகின்றன. சிறு லாரியின் முதுகில் படுக்கையும் அடுப்பும் கொண்ட அறையொன்றை ஏற்றிவைத்துக்கொண்டு பிரயாணம் செய்வோர் மேனாடுகளில் அநேகர். அவர்கள் செல்லும் வழிகளுள் மிகக் கடினமானவற்றில் ஒன்று ஆஸ்திரேலியாவின் மேற்குப் பாகத்திலுள்ள கானிங் மாட்டுப்பாதை. அதுவே இங்கு உதாரணமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

அப்பாதை தெற்கே விலூனா என்னும் ஊரில் தொடங்கி வடக்கே ஹால்ஸ் கிரீக் வரையில் சுமார் 1,850 கிலோமீட்டர் நீளமுள்ளது. குறுக்கே நூற்றுக்கணக்கான மணல் மேடுகள் உண்டு. கிம்பர்லி நாட்டு மாடுகளைத் தெற்கே ஓட்டிவரும் பொருட்டு, ஆல்பிரட் கானிங் என்னும் சர்வேயர் 1906-07-இல் வழியை அளந்து, 1908 முதல் 1910 வரையில் சுமார் 50 கிணறுகளை வெட்டுவித்தார். மாடுகள் ஒரு நாளில் நடக்கக்கூடிய தூரத்துக்கு ஒரு கிணறு என்பது உத்தேசம். ஜலம் இருக்கும் இடங்களை அறிந்தவர் அந்நாட்டுப் பழங்குடிகளே. அவர்களிற் சிலரைப் பிடித்துச் சங்கிலியிட்டு வழி காட்டச் செய்தார் கானிங். இதைப் பற்றி 1908-இல் ராயல் கமிஷன் விசாரணை நடந்தது. கமிஷன் அவரைக் குற்றமற்றவரென்றே விட்டுவிட்டது. பிறர் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த ஊற்றுகளின் மேல் அமைந்த பாதை அது என்பதை இப்பொழுது அவ்வழியே செல்வோரும் அறிந்திருத்தல் நலம். அங்கே செல்வதற்கு, நிலவுரிமையுடைய அம்மக்களின் அனுமதி வேண்டும். பாதையின் பாகங்கள் சில சமயம் மூடப்படுவதும் உண்டாகையால், முன்னதாகவே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மாடு ஓட்டுதல் 1959-உடன் நின்றது. முழுப் பாதையையும் மோட்டாரில் முதன்முதலாகக் கடந்தது 1968-இல். கவனிப்பாரின்றிப் பல கிணறுகள் தூர்ந்தும், பிராணிகள் விழுந்து கெட்டும் போயின. சில மட்டும் பிற்காலத்தில் செப்பனிடப்பட்டன. ஆகவே படத்தில் கிணறு என்று குறித்திருப்பதை நம்பி ஜலத்தைக் குறைத்து ஏற்றலாகாது. கிடைத்தால் லாபம், கணக்கில் சேர்க்கலாகாது. கிடைத்த ஜலத்தையும் நன்றாகக் காய்ச்சியே பருக வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். குளிர் மாதங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். குளிப்பதற்கு இதில் பங்கில்லை. அந்நாட்டுக் கோடைகாலத்தில் இவ்வளவு போதாது. அக்காலத்தில் அவ்வழி செல்வதே தகாது. பாதையின் ஏறக்குறைய நடுவில் குனவாரிட்ஜி என்னும் பழங்குடிக் கிராமம் இருக்கிறது. அங்கே எண்ணெய் விற்கப்பட்டு வந்திருக்கிறது. எனினும், புறப்படுமுன் அக்கிராமத்தாரிடம் விசாரித்து உறுதி செய்துகொண்ட பின்னரே அதை நம்பலாம். விலூனாவிலிருந்து அவ்விடம் சேர 1,000 கிலோமீட்டர் என்று கொள்வோம். மணலில் நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் சென்றால் 9 நாள் ஆகும். வண்டி பழுதானால் உதவி வரும் வரையில் வண்டியை விட்டு அகலாமல் காத்திருக்க வேண்டும். அதற்காக 3 நாள் கூட்டினால் 12 நாள். இரண்டு பேருக்கு, நாளைக்கு 5 லிட்டர் வீதம் 120 லிட்டர். ஒரு லிட்டர் ஜலம் ஒரு கிலோ எடையாகையால் 120 கிலோ. பாத்திரங்களுடன் 130 கிலோ.

எண்ணெய்க் கணக்கில்தான் பலர் ஏமாறுகின்றனர். நல்ல சாலையில் வண்டி எவ்வளவு குடிக்கிறதென்பது மணலில் உதவாது. 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் டீசல் செலவாகும் வண்டி, பாரத்துடன் மணலேறும்போது 18 லிட்டரும் அதற்கு மேலும் குடிக்கும். 18 என்றே கொண்டால் 1,000 கிலோமீட்டருக்கு 180 லிட்டர். வழி தவறுதல், திரும்பி வருதல் முதலியவற்றிற்காக நாலில் ஒரு பங்கு கூட்டினால் 225 லிட்டர். வண்டியின் டாங்கியில் 80 லிட்டர் கொள்ளுமானால், வெளியே எடுத்துச் செல்ல வேண்டியது 145 லிட்டர். டீசல் ஜலத்தினும் இலேசு. லிட்டருக்குச் சுமார் 840 கிராம். ஆகவே 122 கிலோ. இருபது லிட்டர் தகரங்கள் எட்டு தேவை. காலித் தகரம் ஒன்று 4 கிலோவுக்குச் சற்று மேல் இருக்குமாதலால், எட்டுக்கும் 35 கிலோ. எண்ணெய்ப் பாரம் மொத்தம் 157 கிலோ.

இனி வண்டி என்ன தாங்கும்? 1,000 கிலோ பாரம் ஏற்றலாம் என்று வண்டி செய்த கம்பெனியார் குறித்திருப்பதாக வைத்துக்கொள்வோம். டாங்கி நிறைந்த எண்ணெய் வண்டியின் சொந்த எடையிலேயே அடங்கியதாகக் கொள்ளலாம். சில கம்பெனியார் அவ்வாறு சேர்ப்பதில்லை, கேட்டறிதல் அவசியம். முதுகில் ஏற்றிய அறை 500 கிலோ, ஆட்கள் இருவர் 150 கிலோ, ஜலம் 130, எண்ணெய் 157. ஆக 937 கிலோ. மிச்சம் 63 கிலோதான். உபரிச் சக்கரங்கள், கருவிகள், அரிசி பருப்பு, படுக்கை, அடுப்பு, காஸ் உருளை எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். அடங்குவது மிக அரிது. இவ்விடத்தில் ஜலத்தைக் குறைத்து உடுப்புப் பெட்டியை ஏற்றுகிறவர்கள் உண்டு! குறைக்கத் தக்கது ஜலமன்று. இலேசான அறையைத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டு வண்டிகளாகச் சென்று பாரத்தைப் பகிரலாம். இவை இயலாவிடில், தூரம் குறைந்த வேறு வழியில் செல்லலாம். குறித்த பாரத்திற்கு மேல் ஏற்றி, மேடு பள்ளங்களில் வேகமாக ஓட்டியதால் வண்டியின் சட்டமே நடுவில் வளைந்துபோன சம்பவங்கள் அந்நாட்டில் புதியனவல்ல.

அடுத்தபடியாக, பாத்திரங்கள். நம் கிராமங்களில் ஜலம் சுமக்கவும் கூரை வேயவும் பயன்பட்டுவந்த நாலு காலன் மண்ணெண்ணெய் டின்னை அறியாத முதியவர் இல்லை. அத்தகைய மெல்லிய டின்களிலேயே இரண்டாம் உலக யுத்தத்தின் ஆரம்பத்தில் பிரிட்டிஷ் சேனையார் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பெட்ரோலைக் கொண்டு சென்றனர். லாரியின் குலுக்கலில் ஓரங்கள் விண்டு ஒழுகின. அனுப்பிய பெட்ரோலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே வீணானதாகக் கணக்கிட்டனர். மலிவான பாத்திரத்தின் விலை அங்கே தெரிந்தது. எதிரிகளான ஜெர்மானியரிடம் இருந்ததோ 1937-இல் அமைக்கப்பட்ட 20 லிட்டர் தகரம். அதைப் பிரிட்டிஷார் கைப்பற்றி உபயோகித்து, பின்னர் அதே மாதிரியில் தாங்களும் செய்யலாயினர். ஜெர்மானியரைக் குறிக்கும் ‘ஜெர்ரி’ என்னும் கேலிப்பெயரால் அதற்கு ஜெர்ரிகான் என்று பெயர் வந்தது.

அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. இரண்டு தகட்டுப் பாதிகளை ஒன்றாகப் பற்றவைத்த ஒரே தையல். அத்தையலும் உள்ளடங்கியிருப்பதால் அடிபடாது. மேலே மூன்று கைப்பிடிகள்: ஒருவர் தூக்க நடுப்பிடி, இருவர் பகிர்ந்து தூக்க ஓரப்பிடிகள், காலியானால் ஒரு கையில் இரண்டு தகரங்களைப் பிடிக்கலாம். மூடி திருகாணியன்று, நெம்பி அழுத்திப் பூட்டுவது. வாயினுள் சிறு காற்றுக் குழாய் இருப்பதால் எண்ணெய் குபுகுபுவென்று சிதறாமல் ஒழுங்காக விழும். மேற்புறத்தில் காற்றுக்கு இடம் விட்டிருப்பதால் வெயிலில் எண்ணெய் விரிந்தாலும் தகரம் வெடிக்காது. இக்காரணத்தாலேயே கழுத்துமட்டும் நிரப்புதல் கூடாது.

எண்ணெய் இருந்த பாத்திரத்தில் ஜலம் ஊற்றுவது எக்காலத்தும் ஆகாது. எத்தனை முறை கழுவினாலும் நாற்றம் போகாது. இரண்டிற்கும் வேறு நிறம் தீட்டி, இருட்டிலும் தடவிப் பார்த்து அறியும்படி ஜலப் பாத்திரத்தின் பிடியில் கயிறு சுற்றிவைப்பது நல்லது. அறைக்குள் பொருத்திய ஒரே தொட்டியில் ஜலம் முழுவதையும் நிரப்புவதும் அபாயம். தொட்டி விண்டால் அன்றே எல்லாம் மணலுக்குப் போய்விடும். 120 லிட்டரில் 60 தொட்டியிலும், 60 மூன்று தனிப் பாத்திரங்களிலும் இருக்கட்டும். பெட்ரோல் தகரங்களைப் படுக்கும் அறையில் வைக்கலாகாது; அதன் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தாழத் தங்கி, அடுப்பு ஏற்றும்போது பற்றிக்கொள்ளும். நிரப்பும்போது தகரத்தை வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தே நிரப்ப வேண்டும்.

வைக்கும் இடத்தைப் பற்றி, மாட்டுவண்டியில் பாரம் ஏற்றத் தெரிந்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. பின்பாரம் மிஞ்சினால் நுகம் மேலே தூக்கும். மோட்டாரிலும் அவ்வாறே முன்சக்கரங்கள் இலேசாகித் திருப்புவது கடினமாகும். ஜலமும் எண்ணெயும் பின் அச்சுக்கு முன்னால், கூடியவரை தாழ்வாக இருத்தல் வேண்டும். கூரைமேல் தகரங்களைக் கட்டினால், மணல்மேட்டின் சரிவில் வண்டி சாயும். முதலில் ஒரு பக்கத்துத் தகரங்களையே காலி செய்யாமல் இருபுறமும் மாறிமாறி எடுக்க வேண்டும்.

இஞ்சின் குடிக்கும் ஜலமும் உண்டு. 1920-களின் இறுதியிலும் 1930-களின் ஆரம்பத்திலும் லிபியப் பாலைவனத்தில் போர்டு மோட்டார்களில் சென்ற ரால்ப் பாக்னால்ட் என்னும் பிரிட்டிஷ் அதிகாரி, கொதிக்கும் ரேடியேட்டரிலிருந்து வெளியேறும் நீராவியைக் குழாய் வழியே பாதி ஜலமுள்ள ஒரு தகரத்துக்குள் செலுத்தினார். ஆவி அங்கே குளிர்ந்து ஜலமாயிற்று. வண்டியை நிறுத்தி இஞ்சின் ஆறியதும், அந்த ஜலம் ரேடியேட்டருக்குள் தானே இழுக்கப்பட்டது. இதனால் குடிநீரை ரேடியேட்டருக்குச் செலவிட வேண்டிய தேவை பெரிதும் ஒழிந்தது. தற்கால மோட்டார்களின் மூடிய குளிர்ச்சி ஏற்பாட்டில் உள்ள வழிவுப் புட்டியும் இதே தத்துவத்தில் வேலை செய்கிறது. மணல் வந்தவுடன் சக்கரங்களின் காற்றைக் குறைத்தால் வண்டி புதையாது, எண்ணெய்ச் செலவும் மட்டுப்படும். வெயிலேறுமுன் மணல் கெட்டியாக இருக்கும் காலை வேளையே மேடேறுவதற்குச் சிறந்தது.

நாள்தோறும் மாலையில் வண்டி நின்றதும், ஓடிய தூரத்தையும், மிஞ்சிய எண்ணெயையும் ஜலத்தையும் அளந்து நோட்டில் குறிக்க வேண்டும். முதல் இரண்டு நாட்களின் குறிப்பைக் கொண்டு 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் என்ற உத்தேசம் சரியா என்பது தெரிந்துவிடும். 23 லிட்டர் ஆகிறதென்று கண்டால், 1,000 கிலோமீட்டருக்கு 230 லிட்டர் வேண்டும், ஏற்றியதோ 225. அப்பொழுது ஓடியிருப்பது 240 கிலோமீட்டர், செலவானது சுமார் 55 லிட்டர், திரும்பி வர வேண்டியதும் அவ்வளவே. மூன்றாம் நாள் காலையில் வண்டியை விலூனாவை நோக்கித் திருப்ப வேண்டும்.