வீல்சேர் தள்ளலை அளக்கப் பழகுங்கள்

பிசியோதெரபியோ ஆக்குபேஷனல் தெரபியோ பயோமெடிக்கல் இன்ஜினியரிங்கோ முடித்து மறுவாழ்வுத் துறைக்கு வருகிறீர்களா? கையால் தள்ளும் வீல்சேரின் ஓட்டத்தைச் சென்சார் வைத்து அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தண்டுவடம் அடிபட்டவர் நடமாடுவதும், கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவதும் தோள்பலத்தில்தான். தோள் போனால் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியதுதான். வலி வருவதற்கு முன்பே தள்ளும் விதத்தைத் திருத்த வேண்டும்.

எதைத் திருத்துவது? 2005-இல் அமெரிக்காவில் வெளியான தண்டுவட மருத்துவ வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: தள்ளல்களின் எண்ணிக்கை குறையட்டும், விசை குறையட்டும், ஒவ்வொரு தள்ளலும் நீளமாகச் சீராக இருக்கட்டும். தள்ளி முடித்த கை, சக்கரத்தின் கைப்பிடி வளையத்துக்குக் கீழாக இறங்கித் திரும்பட்டும்.

எண்ணிக்கையை மணிக்கட்டு சென்சார் சொல்லிவிடும். ஆப்பிள் வாட்ச் 2016 முதலே வீல்சேர் தள்ளல்களை எண்ணுகிறது. ஆனால் மணிக்கட்டை மட்டும் நம்பாதீர்கள். சாப்பிடும்போதும் துணி துவைக்கும்போதும் கை அசையத்தான் செய்யும். சக்கரத்தின் ஆரக்கம்பியில் இன்னொரு சென்சாரைக் கட்டுங்கள். 24 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் போகும். தூரத்தைத் தள்ளல்களால் வகுத்தால், ஒரு தள்ளலுக்கு எத்தனை மீட்டர் என்பது கிடைக்கும். வண்ண வண்ண வரைபடங்களைவிட இந்த ஒரு எண் பயனுள்ளது. சக்கரம் சுழன்றும் கை அசையவில்லையா? சமதரையில் அப்படி நடந்தால் பெரும்பாலும் பின்னால் யாரோ தள்ளுகிறார்கள். சிகிச்சை அறையில் தெரியாத வீட்டு நிலவரம் இப்படித்தான் தெரியவரும்.

வீல்சேர் கூடைப்பந்து வீரர்களுடன் வேலை செய்யப் போகிறவர்கள், இரு சக்கரங்களிலும் சட்டத்திலுமாக மூன்று சென்சார் பொருத்தும் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக முறையைப் படியுங்கள்.

இவை எதுவும் விசையை நேராக அளப்பதில்லை. அதற்கு ஸ்மார்ட்வீல் போல, கருவி பதித்த சக்கரம் வேண்டும். அது இல்லாமல் ‘விசை குறைந்தது’ என்று அறிக்கையில் எழுதாதீர்கள்.

வீல்சேரின் அமைப்பை மாற்றுவதற்கு முன் ஒருமுறை அளந்துவிடுங்கள். டயர் காற்றைச் சரிபாருங்கள். டைல்ஸ் தரையில் எடுத்த எண்ணைச் சிமென்ட் தரையோடு ஒப்பிட வேண்டாம். பக்கவாட்டில் வீடியோ எடுத்து, கண்ணால் எண்ணியதும் கருவி எண்ணியதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு பின்சக்கர அச்சைச் சிறிது முன்னுக்கு நகர்த்துங்கள். வளையத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கை 100 முதல் 120 டிகிரி இருக்க வேண்டும். அச்சு முன்னே வர வர வீல்சேர் பின்னால் சாய்வது எளிதாகும். சோதனையின்போது பின்னால் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

பல இடங்களில் கிடைப்பது அச்சை நகர்த்தவே முடியாத, உடலுக்கு அகலமான வீல்சேர். அங்கே பயிற்சியால் ஓரளவுதான் ஆகும். உங்கள் அளவீட்டை இணைத்து, உடலுக்கேற்ற வீல்சேர் கேட்டுப் பரிந்துரை எழுதுங்கள். சென்னை ஐஐடியில் பிறந்த நியோமோஷன் நிறுவனத்தின் நியோஃப்ளை அப்படி அளவெடுத்துச் செய்யப்படுவதுதான்.

தோள்வலியைப் பற்றி 15 கேள்விகள் கொண்ட வுஸ்பி என்ற வினாத்தாள் உண்டு. அதையும் கேட்டுப் பதியுங்கள். சென்சார் காட்டுவது ஒருவர் எப்போது வெளியே போனார், எவ்வளவு தூரம் போனார் என்ற சொந்த விவரம். அவர் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள். முடிவை மருத்துவரிடம் கொடுக்கும் முன் வீல்சேரில் இருப்பவரிடம் காட்டிப் பேசுங்கள்.