பால்கோவா அடுப்பும் பஞ்சாலைக் கதிரும்

விருதுநகர் மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இரண்டு ஊர்கள் உள்ளன. ஒன்று பால்கோவாவுக்குப் பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர். மற்றொன்று பஞ்சாலைகள் நிறைந்த இராஜபாளையம். இரண்டுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். இரண்டு ஊர்களின் தொழிலுக்கும் ஆற்றல் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் ஒரே வகை ஆற்றல் பொருந்துமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அடுப்பின் கணக்கு

பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். பால்கோவா கிண்டுவது என்றால் அந்தத் தண்ணீரைப் பெருமளவு ஆவியாக்குவதுதான். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள 1 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதித்த நீரை ஆவியாக்க மேலும் 2,260 கிலோஜூல் வேண்டும். ஆக மொத்தம் 2,550 கிலோஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் இது 0.7 யூனிட்.

10 லிட்டர் பாலிலிருந்து 7 லிட்டர் தண்ணீரை வெளியேற்ற வேண்டுமானால் சுமார் 5 யூனிட் ஆகும். 75 வாட் மின்விசிறி ஒன்று இரண்டரை நாளுக்கு மேல் இடைவிடாமல் சுற்றுவதற்கு இது போதும்!

இந்த வெப்பத்தை விறகிலிருந்து பெற்றால்? உலர்ந்த விறகு 1 கிலோ எரிந்தால் சுமார் 15,000 கிலோஜூல் கிடைக்கும். ஆனால் திறந்த அடுப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் பாத்திரத்தில் ஏறுகிறது. எனவே ஏறத்தாழ 6 கிலோ விறகு வேண்டும். மலைக்காட்டில் போய் வெட்டலாமா? கூடாது. அது 1988-இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாகவும், 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்ட காடு. அதுவே இப்பகுதியின் நீர் ஊற்று.

மின்சாரத்தால் கிண்டலாமே என்பீர்கள். அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. அதை மறுபடியும் வெப்பமாக்குவது வீண் சுற்று அல்லவா? பால் தரும் மாட்டிடமே வேறு வழி இருக்கிறது. 25 கிலோ சாணம் ஏறத்தாழ 1 கன மீட்டர் சாண எரிவாயு தரும். நம் 10 லிட்டர் பாலுக்கு ஒன்றரை கன மீட்டர் போதும். அதாவது நான்கு மாடுகளின் ஒரு நாள் சாணம். கழிவு வயலுக்கு எருவாகும்.

கதிரின் கணக்கு

பஞ்சாலையின் தேவை வேறு. இராஜபாளையத்தில் 1936-இல் பஞ்சாலைத் தொழில் காலூன்றியது. 1944-இல் தொடங்கிய பாபநாசம் நீர்மின் நிலையம் தென் மாவட்டங்களுக்கு மின்சாரம் தந்தது. நூற்பு ஆலை இரவும் பகலும் மூன்று ஷிப்டுகளாக ஓடுவது. மின்சாரம் திடீரென நின்றால் ஆயிரக்கணக்கான கதிர்களும் நிற்கும், இழைகள் அறும். ஒவ்வோர் இழையையும் மறுபடி பிணைக்க வேண்டும். அந்த நேரத்து உற்பத்தி போயிற்று. சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் விசைத்தறிகளுக்கும் இதே தொல்லைதான்.

இது வெறும் கற்பனை அன்று. 2012-இல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில் சில நாட்கள் 12 மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. காற்று வீசிய மாதங்களில் வெட்டு குறைந்தது. அக்டோபரில் காற்று ஓய்ந்ததும் கடுமையாயிற்று. டீசல் இயந்திரம் வைத்து ஓட்டினால் ஒரு யூனிட்டின் செலவு இரு மடங்குக்கும் மேல். தறி நின்றால் அன்றைய கூலியும் நின்றுவிடும்.

காற்றின் குணம்

தென்மேற்குப் பருவக் காற்று மலைத்தொடரின் இடைவெளிகளில் புகும்போது வேகம் கூடுகிறது. பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் அத்தகையவை. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதில் உள்ள திறன் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒன்றுதான்! காற்றாலையின் பெருமையும் குறையும் இந்த ஒரு விதியில் அடங்கியுள்ளன.

1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் காற்றாலைகள் அமைக்கப்பட்டபோது ஒன்றின் திறன் 55 கிலோவாட். இன்று 2,000 கிலோவாட்டுக்கும் மேற்பட்டவை சுழல்கின்றன. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பஞ்சாலைகள் பலவும் காற்று மிகுந்த இடங்களில் சொந்தக் காற்றாலைகள் நிறுவின. அங்கே பிறக்கும் மின்சாரம் மின்வாரியத்தின் கம்பிகள் வழியே கணக்கில் சேர்ந்து ஆலைக்கு வருகிறது.

ஆனால் மே முதல் செப்டம்பர் வரை வீசும் காற்றைக் கொண்டு ஜனவரியில் ஆலை ஓட்ட முடியுமா?

ஒரு கை ஓசை

முடியாது. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்ப வேண்டும். சூரியன் ஆண்டு முழுதும் பகலில் உதவும். 1 கிலோவாட் சூரியத் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். மாலையில் விளக்குகள் எரியத் தொடங்கும்போது அது ஓய்ந்துவிடும். நீர்மின் நிலையத்தைச் சில நிமிடங்களில் முடுக்கலாம், ஆனால் அணையில் நீர் வேண்டும். தூத்துக்குடி அனல்மின் நிலையம் இரவும் ஓடும், ஆனால் நிலக்கரி ஒடிசாவின் பாரதீப் துறைமுகத்திலிருந்து கப்பலில் வரவேண்டும். புகையும் சாம்பலும் உண்டு. கூடங்குளத்தில் 2013-இலும் 2016-இலும் மின்தொடரில் இணைந்த இரு அணு உலைகள், ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட், சீராக மின்சாரம் தருவன. பழுது பார்க்க ஓர் உலையை நிறுத்தினாலோ பெரும் பள்ளம் விழும்.

மிஞ்சிய மின்சாரத்தைச் சேமிக்கவும் வழி உண்டு. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் உள்ளது. மின்சாரம் மிகுதியான நேரத்தில் கீழ் அணையின் நீரை மேலே ஏற்றும். தட்டுப்பாட்டு நேரத்தில் அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கும். ஏற்றச் செலவிட்டது முழுதும் திரும்பி வராது. எனினும் தேவையான நேரத்தில் கிடைக்கிறதே, அதுதான் இலாபம்.

எனவே வளரும் நாடு ஒன்று, "எந்த ஆற்றல் சிறந்தது?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எந்த வேலைக்கு, எந்த நேரத்தில், எது பொருந்தும்?" என்று கேட்கவேண்டும்.

செய்து பாருங்கள்

1. ஒரு வாரம் காலை 6 மணிக்கும் மாலை 6 மணிக்கும் உங்கள் வீட்டு மின்மானியைப் பார்த்துக் குறியுங்கள். மின்சாரம் பகலில் அதிகம் செலவாகிறதா, இரவிலா?

2. உங்கள் ஊரில் ஆற்றல் தேவைப்படும் பத்துத் தொழில்களை எழுதுங்கள். எவற்றுக்கு வெப்பம் வேண்டும், எவற்றுக்கு இயக்கம் வேண்டும் எனப் பிரியுங்கள். வெப்பம் வேண்டுவனவற்றுள் எத்தனைக்குச் சாண எரிவாயு உதவும்? ஆசிரியருடன் கலந்து பேசுங்கள்.