கோப்பு எங்கே இருக்கிறது? கல்லூரிக்குப் புதியவர்களுக்கான கணினிப் பாடம்

கைபேசியோடு வளர்ந்த பிள்ளைக்குக் கணினி தானாகவே வந்துவிடும் என்பது பெற்றோர் பலரின் எண்ணம். கல்லூரியின் முதல் ஒப்படையிலேயே அந்த எண்ணம் பொய்த்துவிடுவதுண்டு. கைபேசியில் படத்தையோ ஆவணத்தையோ செயலியே தேடித் தருகிறது. கணினியில் சேமிக்கும் இடத்தை மாணவரே தெரிவுசெய்ய வேண்டியிருக்கிறது.

ஆகவே முதற்பாடம் தட்டச்சன்று, கோப்புறை. பாடத்துக்கு ஒன்றாக அவற்றை அமைத்துக்கொள்ளலாம். 'கடைசி', 'உண்மையான கடைசி' போன்ற கோப்புப் பெயர்கள் இரண்டு கிழமையில் எழுதியவருக்கே விளங்கா. பெயரின் முன்னால் திகதியை 2025-03-09 என ஆண்டு முதலாக இட்டால், பெயர்வரிசையே காலவரிசையாகிவிடும்.

நூலகக் கணினியில் கூடுதல் கவனம் தேவை. பொதுப் பாவனைக் கணினிகள் பல, ஒதுக்கிய நேரம் முடிந்ததும் அதில் சேமித்தவற்றை அழித்துவிடும் வகையில் அமைக்கப்பட்டவை. அவ்வாறு அழிந்த கட்டுரையை நூலகரால் மீட்டுத் தர இயலாது. எனவே முதல் வரியை எழுதியவுடனேயே கோப்புக்குப் பெயரிட்டு, கல்லூரி வழங்கும் இணையச் சேமிப்பிடத்திலோ பென்ட்ரைவிலோ சேமித்தல் வேண்டும். பின்னர் பந்திக்கு ஒருமுறை கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தினால் போதும். எழுந்து செல்லுமுன் மின்னஞ்சல் கணக்கிலிருந்து முறைப்படி வெளியேறவும் வேண்டும். சாளரத்தை மூடுவது மட்டும் வெளியேறுவதாகாது.

பயிற்சியாக, அரைப் பக்கம் எழுதிச் சேமித்து, மறுநாள் வேறொரு கணினியில் அதைத் திறந்து பார்க்கலாம். திறக்க முடியாவிட்டால், திருத்திக்கொள்ள ஒப்படை நாளுக்கு முன்பே அவகாசம் கிடைக்கும்.